நகரம் கட்டும் கேமுக்குள் ஒளிந்திருக்கும் ஆராய்ச்சி

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், லெட்டர் டைப் செய்யப் பழகுவதற்கு முன்னர் கேம் ஆடத்தான் பழகுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. மவுஸ் பிடிக்கவும், மெனு திறக்கவும், பைலை சேவ் செய்திடவும் கேம்களே நல்ல ஆசிரியர்கள். அப்படிப்பட்ட கேம்களில் ஒரு தனி வகை உண்டு. அதில் யாரையும் சுட வேண்டியதில்லை. கார் ஓட்ட வேண்டியதில்லை. ஒரு காலி நிலம் கொடுக்கப்படும். ரோடு போட்டு, மின்சாரம் கொடுத்து, வீட்டுப் பகுதி எது, கடைப் பகுதி எது, தொழிற்சாலைப் பகுதி எது என்று பிரித்து, வரி வசூலித்து ஒரு நகரத்தை நீங்கள் நடத்த வேண்டும். இந்த வகையைத் தொடங்கி வைத்தது சிம்சிட்டி. 1989 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியானது.

சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் புரோகிராம் எழுதுவது என் வேலை. இன்ஜினீயரிங் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது, எங்கள் மாடியில் சிம்சிட்டி 4 இரவு முழுக்க ஓடும். அப்போது சிவில் பிரிவு நண்பர் ஒருவர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார். "வரியை ஏற்றினால் ஜனங்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்கிறதே, அது இந்த கேமுக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால், ஒரு பல்கலைக் கழகத்தின் நகர ஆராய்ச்சியில் போய் நிற்போம். அந்த ஆராய்ச்சியை எளிமையாகப் புரிந்து கொண்டு, அதன் சின்ன வடிவம் ஒன்றை நம் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மாடல் என்றால் என்ன?

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்து கொள்வோம். பொதுக்கொள்கை, நகரத் திட்டமிடல் ஆகிய துறைகளில் ஆராய்ச்சி செய்பவர்கள் "மாடல்" என்று அடிக்கடி சொல்வார்கள். விளம்பரத்தில் வரும் மாடல் அல்ல இது. உண்மையான ஒன்றின் நடத்தையை எண்களாலும் சூத்திரங்களாலும் கூறும் மாதிரி. வீட்டு பட்ஜெட்டை நோட்டில் எழுதி, "வாடகை ஆயிரம் ரூபாய் ஏறினால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்?" என்று கணக்குப் போடுகிறீர்கள் அல்லவா? அதுவும் ஒரு மாடல்தான்.

நகரத்தை வைத்து பரிசோதனை செய்ய முடியாது. "பத்து ஆண்டு இந்தப் பகுதியில் வீடு கட்டிப் பார்ப்போம், சரி வராவிட்டால் அழித்துவிட்டுப் பழையபடி தொடங்குவோம்" என்று ஒரு மேயர் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் முடியும். அதனால்தான் கம்ப்யூட்டர்கள் வந்த உடனேயே நகர ஆராய்ச்சியாளர்கள் அவற்றை நாடினார்கள்.

அடுத்தடுத்த இரண்டு அறைகள்

ஜே பாரஸ்டர் (1918 - 2016) என்ற அமெரிக்க இன்ஜினீயரை கம்ப்யூட்டர் பயன்படுத்தும் எல்லாரும் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், வேர்ல்விண்ட் என்ற தொடக்க காலக் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். அதற்காக அவர் வடிவமைத்த காந்த வளைய மெமரி, இன்றைய சிப் மெமரி வருவதற்கு முன்பு உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களில் பயன்பட்டது. நம் ராம் மெமரிக்கு ஒரு தாத்தா என்று சொல்லலாம்.

1956ல் பாரஸ்டர் எம்.ஐ.டி.யின் நிர்வாகவியல் பிரிவுக்கு மாறினார். நிறுவனங்கள் ஏன் திடீரென்று வளர்கின்றன, ஏன் சரிகின்றன என்பதை கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை ஒன்றை அங்கே உருவாக்கினார். இதற்கு சிஸ்டம் டைனமிக்ஸ் என்று பெயர். இதன் அடிப்படை எளிது. ஒன்று மாறினால் இன்னொன்று மாறும். அந்த மாற்றம் சுற்றி வந்து முதலில் மாறியதையே மறுபடி மாற்றும். கடையில் கூட்டம் அதிகமானால் வரிசை நீளும். வரிசை நீண்டால் கூட்டம் குறையும். இதை "பீட்பேக் லூப்" என்பார்கள். சுழற்சி என்று வைத்துக் கொள்வோம்.

1960 முதல் 1968 வரை பாஸ்டன் நகரின் மேயராக இருந்த ஜான் காலின்ஸ், பதவிக் காலம் முடிந்ததும் எம்.ஐ.டி.க்கு வருகைப் பேராசிரியராக வந்தார். அவருக்குக் கிடைத்த அறை பாரஸ்டரின் அறைக்குப் பக்கத்து அறை. இருவரும் நகரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நகர நிர்வாகத்தில் அனுபவம் உள்ள சிலரை காலின்ஸ் அழைத்து வந்தார். பல மாதங்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சில் இருந்து பாரஸ்டர் ஒரு நகரத்தை சூத்திரங்களாக எழுதினார். 1969ல் "அர்பன் டைனமிக்ஸ்" என்ற நூலாக அது வெளிவந்தது.

கம்ப்யூட்டர் சொன்ன பதில்

பாரஸ்டரின் நகரத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன: தொழில், வீடு, மக்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வகை. தொழிலில் புதியது, நிலைபெற்றது, நலிவடைவது. வீட்டில் வசதியானவர் வீடு, தொழிலாளர் வீடு, ஏழைகளின் வீடு. மக்களில் நிர்வாகிகள், தொழிலாளர்கள், சரியான வேலை கிடைக்காதவர்கள். நகரத்தின் பரப்பு ஒரு லட்சம் ஏக்கர். அது கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இந்த நகரத்தை கம்ப்யூட்டரில் 250 ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்த்தார்.

அப்போது அமெரிக்க நகரங்கள் பெரும் நெருக்கடியில் இருந்தன. 1968ல் அந்நாட்டு அரசு வீட்டு வசதிச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்து, 10 ஆண்டுகளில் 2 கோடியே 60 லட்சம் வீடுகள், அவற்றில் 60 லட்சம் குறைந்த மற்றும் நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு என்று இலக்கு வைத்திருந்தது.

பாரஸ்டரின் கம்ப்யூட்டர் நேர் எதிரான பதிலைச் சொன்னது. ஏழைகளுக்குக் குறைந்த விலை வீடு கட்டினால் நகரம் இன்னும் நலிவடையும் என்றது. காரணம், வீடு இருப்பதைப் பார்த்து மேலும் பலர் வருவார்கள், வீடுகள் நிலத்தை எடுத்துக் கொள்வதால் தொழிலுக்கு இடம் இருக்காது, வேலை குறையும். மாறாக, ஏழைகள் குடியிருக்கும் பழைய வீடுகளை ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் இடித்து, புதிய தொழில்களை ஊக்குவித்தால் நகரம் செழிக்கும் என்றது.

யோசித்துப் பாருங்கள். ஒரு மேயரின் மேஜையில் இந்த அறிக்கை இருந்தால், எத்தனை குடும்பங்களின் கூரை அந்தப் பேப்பரைப் பொறுத்திருக்கும்? ஆகவே, கம்ப்யூட்டர் இப்படிச் சொல்லக் காரணம் என்ன என்று பார்ப்பது அவசியம். அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. உங்கள் மேஜையில் இருப்பதே போதும்.

நாமே செய்து பார்க்கலாம்

எக்ஸெல் இருந்தால் திறந்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். ஒரு காலி ஒர்க் ஷீட் எடுத்துக் கொள்ளவும். கீழே ஏ, பி, சி எனத் தமிழில் தந்திருக்கும் செல் பெயர்களை, டைப் செய்கையில் ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்திடவும்.

இது பாரஸ்டரின் மாடல் அல்ல. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் உண்டு. அதன் மையக் கருத்தை மட்டும் காட்டும் பொம்மை மாடல் இது. நம் நகரத்தில் மொத்தம் 100 மனைகள். ஒரு மனையில் வீடு கட்டினால் வேலைக்குப் போகும் 10 பேர் வசிக்கலாம். அதே மனையில் தொழில் வைத்தால் 10 பேருக்கு வேலை கிடைக்கும்.

1. முதல் வரிசையில் ஏ1 முதல் எப்1 வரை தலைப்புகள் கொடுங்கள்: ஆண்டு, வீட்டு மனை, தொழில் மனை, மக்கள், வேலைகள், ஒருவருக்கு வேலை.

2. எச்1ல் "ஆண்டு மாற்றம்" என்றும், ஐ1ல் "வெளியூர் வேலை" என்றும் எழுதவும். எச்2ல் 2 என்றும், ஐ2ல் 0 என்றும் கொடுக்கவும்.

3. ஏ2ல் 0, பி2ல் 50 என டைப் செய்திடவும். சி2ல் =100-பி2 என்றும், டி2ல் =பி2*10 என்றும், இ2ல் =சி2*10+$ஐ$2 என்றும், எப்2ல் =இ2/டி2 என்றும் கொடுக்கவும்.

4. ஏ3ல் =ஏ2+1 என்றும், பி3ல் =பி2+$எச்$2 என்றும் கொடுக்கவும். சி2 முதல் எப்2 வரை உள்ளதை காப்பி செய்து சி3ல் பேஸ்ட் செய்திடவும்.

5. இப்போது ஏ3 முதல் எப்3 வரை மவுஸால் தேர்ந்தெடுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்து 12 ஆவது வரிசை வரை இழுத்து விடவும். பத்து ஆண்டுக் கணக்கு தயார்.

டாலர் குறி எதற்கு என்று கேட்கலாம். கீழே இழுக்கும்போது சூத்திரத்தில் உள்ள செல் பெயர்களும் கூடவே மாறும். மாறக் கூடாத செல்லுக்கு டாலர் குறி போட்டுவிட்டால் அது அங்கேயே நிற்கும்.

பத்தாம் ஆண்டைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மனை வீதம் வீடு கட்டினோம். மக்கள் 500ல் இருந்து 700 ஆனார்கள். வேலைகள் 500ல் இருந்து 300 ஆகிவிட்டன. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு வேலை என்று இருந்தது 0.43 ஆகிவிட்டது. அடுத்து எச்2ல் 2க்குப் பதிலாக -2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு மனை வீடுகளை இடித்துத் தொழிலுக்குக் கொடுக்கிறோம் என்று பொருள். பத்தாம் ஆண்டில் மக்கள் 300, வேலைகள் 700, ஒருவருக்கு 2.33 வேலை. ஆகா! வீட்டை இடித்தால் ஊர் செழிக்கிறது. பாரஸ்டர் சொன்னது போலவே வந்துவிட்டது அல்லவா?

ஒரே ஒரு செல்லை மாற்றினால்...

அவசரப்பட வேண்டாம். எச்2ல் மறுபடி 2 என்று மாற்றி, வீடு கட்டும் திட்டத்துக்கே திரும்புங்கள். ஐ2ல் இருக்கும் பூஜ்ஜியத்தை 400 என மாற்றுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வரக்கூடிய தூரத்தில், ஊர் எல்லைக்கு வெளியே 400 வேலைகள் இருக்கின்றன என்று பொருள். இப்போது பத்தாம் ஆண்டில் மக்கள் 700, வேலைகள் 700. தொடக்கத்தில் 1.8 ஆக இருந்த எண் இறங்குகிறது. ஆனால் ஒன்றுக்குக் கீழே போகவில்லை. கூடுதலாக 200 பேருக்கு வீடு கிடைத்த பின்னும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

வீடு கட்டும் வேகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஊரின் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மாற்றினோம். பாரஸ்டரின் மாடல் வெளிவந்தவுடன் ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டிய குறைகளில் முக்கியமானது இதுவே. அவருடைய நகரத்துக்குப் புறநகர் இல்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வேலைகளும் வசதியானவர்களும் இடம் பெயர்ந்து போனது புறநகர்களுக்குத்தான். மாடலிலோ நகரத்தைச் சுற்றி எல்லையற்ற வெளி ஒன்று இருந்தது. அங்கிருந்து மக்கள் வருவார்கள். அங்கே போய் மறைவார்கள்.

விடுபட்ட ஒரு பத்தி

இன்னும் ஒன்று செய்வோம். ஐ2ஐ மறுபடி 0 ஆக்கி, எச்2ல் -2 கொடுத்து வீடுகளை இடிக்கும் திட்டத்தைக் கொண்டு வாருங்கள். ஜி1ல் "வெளியேறியவர்" என்று தலைப்பு கொடுத்து, ஜி2ல் =டி$2-டி2 என்று எழுதி 12 ஆவது வரிசை வரை இழுக்கவும். கடைசி வரிசையில் 200 என்று வரும்.

எப் பத்தியில் 2.33 என்று பார்த்து மகிழ்ந்தோமே, அந்தச் செழிப்பின் மறுபக்கம் இந்த 200 பேர். அவர்களுக்கு வேலை கிடைத்து நிலைமை சரியாகவில்லை. அவர்கள் கணக்கில் இருந்து போய்விட்டார்கள், அதனால் கணக்கு அழகாகிவிட்டது. இவர்கள் எங்கே போவார்கள், அடுத்த ஊரில் இவர்களுக்கு வீடு இருக்குமா என்று மாடல் கேட்கவில்லை. கேட்கும்படி நாம் எழுதவில்லை. ஜி என்ற பத்தி வரும் வரை எக்ஸெல்லுக்கு அவர்கள் இல்லவே இல்லை.

கம்ப்யூட்டர் கூட்டலில் பிழை செய்யாது. ஆனால் எதைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தது மனிதர்தான். இது நினைவில் இருந்தால் போதும்; இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது.

பாரஸ்டர் பக்கத்து நியாயமும் உண்டு. "ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு மாடல் இருக்கிறது, அரசியல்வாதியும் அதிகாரியும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், அது மங்கலானது, யாரும் சோதிக்க முடியாதது, கம்ப்யூட்டர் மாடலிலோ எல்லா ஊகங்களும் வெளிப்படையாக இருக்கின்றன" என்பது அவருடைய வாதம். சொன்னபடியே, தன் சூத்திரங்கள் அனைத்தையும் நூலிலேயே அச்சிட்டு வைத்தார். புறநகர் இல்லை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க முடிந்ததே அதனால்தான். புள்ளிவிவரங்களை விட அனுபவஸ்தர்களுடன் நடந்த பேச்சையே அவர் பெரிதும் நம்பினார் என்ற குறையும் அதனால்தான் வெளியே தெரிந்தது.

ஏழு பாவங்கள்

1960களில் அமெரிக்காவில் நகர மாடல்களுக்கு ஏராளமாகப் பணம் செலவிடப்பட்டது. பலன் எதிர்பார்த்தபடி இல்லை. 1973ல் டக்ளஸ் லீ என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்க நகரத் திட்டமிடுவோர் அமைப்பின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய மாடல்களுக்கு இரங்கல் என்பது போன்ற தலைப்பு. அந்த மாடல்கள் செய்த ஏழு பாவங்கள் என்று அதில் பட்டியல் போட்டார். எளிய தமிழில் சொன்னால் இப்படி வரும்: எல்லாவற்றையும் ஒரே மாடலில் அடக்கப் பார்த்தல், விடைகள் பயன்படாத அளவு மேலோட்டமாக இருத்தல், தீராத டேட்டா பசி, சொல்லும் நடத்தைக்கும் உள்ளே இருக்கும் சூத்திரத்துக்கும் பொருத்தமின்மை, அளவு மீறிய சிக்கல், கம்ப்யூட்டரின் இயந்திரத் தன்மையால் வரும் பிழைகள், கடைசியாக, செலவு.

மாடலே வேண்டாம் என்று லீ சொல்லவில்லை. சிறியதாக, உள்ளே நடப்பது எல்லாருக்கும் புரிவதாக இருக்கட்டும் என்றார். புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பட்டியல் மிகவும் பிடிக்கும். 50 ஆண்டுகள் தாண்டியும், எந்த சாப்ட்வேர் புராஜெக்ட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆராய்ச்சியில் இருந்து கேமுக்கு

இப்போது சிம்சிட்டிக்கு வருவோம். வில் ரைட் என்ற கேம் வடிவமைப்பாளர் 1984ல் ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள் மேல் குண்டு போடும் கேம் ஒன்றை வெளியிட்டார். குண்டு போடுவதை விட, அந்தத் தீவுகளில் ரோடும் கட்டடமும் வரைவதே அவருக்கு அதிகம் பிடித்துப் போனது. வரைந்த நகரம் தானாக இயங்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்று தேடியபோது பாரஸ்டரின் ஆராய்ச்சி அவர் கைக்கு வந்தது. வெற்றியும் தோல்வியும் இல்லாத கேமை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். கடைசியில் ஜெப் பிரவுன் என்பவருடன் சேர்ந்து மேக்சிஸ் என்ற நிறுவனத்தை ரைட் தொடங்கினார். அதன் பின் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே.

ஆனால் ஒரு வேறுபாடு. பாரஸ்டர் சூத்திரங்களை அச்சிட்டார். கேமிலோ சூத்திரங்கள் உள்ளே இருந்தன, ஆடுபவருக்குத் தெரியாது. 2008 ஜனவரியில்தான் அந்தக் கதவு திறந்தது. குழந்தைகளுக்குக் குறைந்த விலை லேப்டாப் வழங்கும் திட்டத்துக்காக, முதல் சிம்சிட்டியின் புரோகிராம் வரிகள் யாரும் படிக்கலாம் என்ற உரிமத்துடன் இலவசமாக வெளியிடப்பட்டன. சிம்சிட்டி என்ற பெயர் வணிகப் பெயர் என்பதால், மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் அது வந்தது. இன்டர்நெட்டில் இந்தப் பெயரைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். பிரவுசரிலேயே ஆடும் வடிவங்களும் உள்ளன.

அந்த வரிகளை நான் படித்தேன். குற்றம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டேன். ஒரு பகுதியின் குற்ற அளவு இதுதான்: 128ல் இருந்து நில மதிப்பைக் கழி, மக்கள் நெருக்கத்தைக் கூட்டு, போலீஸ் நிலையத்தின் பலத்தைக் கழி. அவ்வளவுதான்!

ஒரு உதாரணம் பார்ப்போம். இரண்டு பகுதிகள். இரண்டிலும் மக்கள் நெருக்கம் 60. இரண்டிலும் போலீஸ் நிலையம் இல்லை. ஒன்றில் நில மதிப்பு 100. அங்கே குற்றம் 88. இன்னொன்றில் நில மதிப்பு 30. அங்கே குற்றம் 158. இரண்டாவது பகுதியில் யாரும் எதையும் திருடவில்லை. நிலம் மலிவு, அதனால் குற்றம் அதிகம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதோடு முடியவில்லை. குற்றம் 190ஐத் தாண்டினால் நில மதிப்பில் 20 குறைக்கப்படும். மதிப்பு குறைந்தால் குற்றம் மேலும் ஏறும். பாரஸ்டரின் சுழற்சி இங்கே அப்படியே வந்துவிட்டது. இதை மாற்ற ஆடுபவர் கையில் நேரடியாகக் கிடைக்கும் கருவி போலீஸ் நிலையம். பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு என்று எதுவும் அந்தச் சூத்திரத்தில் இல்லை.

கேம் என்ற அளவில் இது சரிதான். 1989ன் கம்ப்யூட்டரில் ஓட வேண்டுமே! ஆனால் பல மணி நேரம் ஆடுபவருக்கு, "மலிவான இடம் என்றால் குற்றம் இருக்கும், போலீஸ் போட்டால் தீரும்" என்பது இயற்கை விதி போலப் பழகிவிடுகிறது. அது விதி அல்ல. ஒருவர் எழுதிய ஒரு வரி. வீட்டில் பிள்ளைகள் இந்த கேமை ஆடினால், இந்த வரியையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேமில் அல்ல, நிஜத்தில்

இனி விளையாட்டாக இல்லாத ஒரு இடத்துக்குப் போவோம். நியூயார்க் நகர நிர்வாகமும் ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 1969ல் ஒரு ஆய்வு நிலையத்தை அமைத்தன. அது 1975 வரை இயங்கியது. தீயணைப்பு வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பது அது எடுத்துக் கொண்ட முக்கியமான கேள்விகளில் ஒன்று. ஒரு நிலையத்தை மூடினால் எத்தனை உயிர் போகும் என்று கணக்கிடுவது மிகவும் கடினம். எனவே வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அளவுகோலாக எடுத்துக் கொண்டார்கள். அதை நிலையங்களில் உண்மையாகவே நேரம் பார்த்து அளந்தார்கள். தூரத்தையும் நேரத்தையும் இணைக்கும் சூத்திரம் பிறந்தது. ஆராய்ச்சி என்ற முறையில் கவனமாகச் செய்த வேலை.

நகரத்திடம் பணம் இல்லை. 1972 முதல் பல தீயணைப்புப் பிரிவுகள் மூடப்பட்டன அல்லது இடம் மாற்றப்பட்டன. தெற்கு பிராங்ஸ் போன்ற ஏழைகள் வாழும் பகுதிகளில் அதே ஆண்டுகளில் தீ பெருகிக் கொண்டிருந்தது. இந்த மாடல்கள் பற்றிப் பின்னர் ஆய்வு செய்த ரோட்ரிக் வாலஸ், டெபோரா வாலஸ் ஆகியோரும், 2010ல் "தி பயர்ஸ்" என்ற நூலை எழுதிய ஜோ பிளட்டும் கடுமையான குறைகளைக் கூறினார்கள். அவற்றில் ஒன்று எளிதில் புரியும். வரைபடத்தில் பக்கத்து நிலையம் இரண்டு நிமிட தூரத்தில் இருக்கலாம். ஆனால் ஒரே இரவில் பல இடங்களில் தீப்பிடிக்கும் பகுதியில், அந்த நிலையத்து வண்டி ஏற்கனவே வேறு தீக்குப் போயிருக்கும். தூரத்தை மட்டும் பார்க்கும் கணக்கு, வண்டி எப்போதும் வாசலில் தயாராக நிற்பதாக நினைத்துக் கொள்ளும்.

1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்ஸில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதிகள் ஏழில், 97 சதவீதத்துக்கும் அதிகமான கட்டடங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் இல்லாமல் போயின. மாடல் ஒன்றின் மேல் மட்டும் இந்தப் பழியைப் போட முடியாது. உரிமையாளர்கள் பராமரிப்பை நிறுத்தியது, சிலர் காப்பீட்டுக்காகத் தீ வைத்தது, வங்கிகள் அந்தப் பகுதிகளுக்குக் கடன் தர மறுத்தது, நகரத்தின் நிதி நெருக்கடி எல்லாம் சேர்ந்தே அங்கே நடந்தன. ஆனால் மூடும் முடிவு வந்தபோது, அந்தத் தெருக்களில் குடியிருந்தவர் யாரும் சூத்திரத்தைத் திறந்து, "இதில் வண்டி வெளியே போயிருக்கும் இரவு எங்கே?" என்று கேட்கும் நிலையில் இல்லை. நம் பொம்மை மாடலில் ஜி பத்தியைச் சேர்த்தது போல, அங்கேயும் ஒரு பத்தி தேவைப்பட்டது.

நீங்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

"கம்ப்யூட்டர் மூலம் ஆய்வு செய்து எடுத்த முடிவு" என்று செய்தியிலோ, ஒரு திட்ட அறிக்கையிலோ படித்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். மேலே செய்த எக்ஸெல் பயிற்சி, கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்கும் தகுதியை உங்களுக்குத் தந்துவிட்டது.

எதை எண்ணுகிறார்கள்? எதை எண்ணவில்லை? நம் எப் பத்திக்கும் ஜி பத்திக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எல்லைக் கோடு எங்கே போடப்பட்டுள்ளது? கோட்டுக்கு வெளியே போனவர்கள் மறைந்துவிடுகிறார்களா?

எண்கள் எங்கிருந்து வந்தன? அளந்தவையா, கேட்டு எழுதியவையா, ஊகமா? ஊகம் தவறில்லை. ஊகம் என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலே முடிவு தலைகீழாகிறதா என்றும் பாருங்கள்.

சூத்திரத்தை மற்றவர்கள் திறந்து பார்க்க முடியுமா? பாரஸ்டரின் முடிவு பலருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். ஆனால் அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். திறந்து பார்க்க முடிகிற தவறான மாடலைத் திருத்தலாம். பூட்டிய மாடல் சரியாக இருந்தாலும் நாம் அதை நம்ப மட்டும்தான் முடியும்.

இந்த ஒர்க் ஷீட்டை நகரம் என்று பெயர் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். ஒரு மனையில் 10 பேருக்குப் பதில் 20 பேர் வசிக்கும் மாடி வீடு கட்டினால் என்ன ஆகும்? டி பத்தியில் உள்ள 10ஐ 20 ஆக்கிப் பாருங்கள். பஸ் கட்டணம் ஏறி, வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தால்? ஐ2ல் 400க்குப் பதில் 200 கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விடை மாறும். மாறும்போதெல்லாம், அந்த எண்ணை முடிவு செய்தது கம்ப்யூட்டர் அல்ல, நீங்கள்தான் என்பதும் நினைவுக்கு வரும்.